ஒரு எஃப்.ஐ.ஆர். எதையெல்லாம் தடுக்கும்? வழக்கு, தண்டனை, உரிமை: ஒரு விளக்கம்

தேர்தல் வந்தால் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்கள் செய்தியாகும். பத்து வழக்கு, இருபது வழக்கு நிலுவையில் இருப்பவர்கள் நிற்கிறார்கள், ஜெயிக்கிறார்கள், அமைச்சராகவும் ஆகிறார்கள். அதே ஊரில் ஒரு பையன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்து, ஓட்டம், கயிறு ஏறுதல், மருத்துவம் எல்லாம் தாண்டிவிடுகிறான். கோயில் திருவிழா கைகலப்பு வழக்கு ஒன்றில் அப்பா, சித்தப்பாவோடு சேர்த்து அவனையும் ஐந்தாவது எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, எழுதியிருப்பார்கள். அந்த ஒரு காரணம் போதும், வேலை மறுக்கப்பட்டுவிடும்.

இது சட்டத்தைத் தவறாகப் படித்ததால் வரும் விபரீதம் அல்ல. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. குற்றப் பதிவு உள்ளவருக்கு என்னென்ன உரிமை உண்டு, எது கிடையாது என்று சொல்லும் தனிச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. தேர்தல் சட்டம் ஒரு கட்டத்தில் கோடு போடுகிறது, பாஸ்போர்ட் சட்டம் இன்னொரு கட்டத்தில், காவலர் பணி விதி வேறொரு கட்டத்தில். இதில் வேடிக்கை என்னவென்றால், பதவி உயர உயர கோடு தள்ளிப் போகிறது. சட்டம் இயற்றுபவருக்குத் தண்டனை வந்தால்தான் தடை. அந்தச் சட்டத்தை அமல்படுத்தும் கான்ஸ்டபிளுக்கு எஃப்.ஐ.ஆரே தடை.

ஆகவே யாராவது “என் மேல கேஸ் இருக்கு, பாஸ்போர்ட் கிடைக்குமா, வேலை கிடைக்குமா” என்று கேட்டால், திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கேஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

ஒரு வழக்கின் ஆறு கட்டங்கள்

1. புகார். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். இது வழக்கே அல்ல. விசாரிக்கிறோம் என்பதற்கான சீட்டு.

2. முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-வது பிரிவு. 1-7-2024 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173-வது பிரிவு. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. அப்படியென்றால் எஃப்.ஐ.ஆர். என்பது ஒருவர் சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொண்டதற்கான சான்று மட்டுமே. சொன்னது உண்மை என்பதற்கு அல்ல.

3. விசாரணையின் முடிவு. ஆதாரம் இருந்தால் குற்றப்பத்திரிகை. இல்லையென்றால் ‘பொருண்மைப் பிழை’ (புகாரில் சொன்ன சங்கதியே தவறு), ‘நடவடிக்கை கைவிடப்பட்டது’ போன்ற காரணம் காட்டி மேல்நடவடிக்கையை முடித்துக்கொண்டு, வழக்கை முடித்துவிட்டோம் என்று புகார்தாரருக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் கொடுப்பார்கள்.

4. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுப்பது. மாஜிஸ்திரேட் குற்றப்பத்திரிகையை ஏற்று எண் கொடுப்பார். சி.சி. நம்பர், சிறு வழக்கென்றால் எஸ்.டி.சி. நம்பர். சட்டப்படி ‘வழக்கு நிலுவையில் உள்ளது’ என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்திலிருந்துதான்.

5. குற்றச்சாட்டு பதிவு, சாட்சி விசாரணை.

6. முடிவு. குற்றவாளி என்று தீர்ப்பு வரலாம். விசாரித்து முடித்து விடுதலை செய்யலாம். விசாரணைக்கே முகாந்திரம் இல்லை என்று விடுவிக்கலாம். உயர்நீதிமன்றம் இடையில் புகுந்து வழக்கையே ரத்து செய்யலாம்.

ரிமாண்டில் சிறையில் இருப்பது தண்டனை அல்ல. குண்டர் சட்டத்தில் ஓராண்டு உள்ளே வைப்பதும் தண்டனை அல்ல, அது தடுப்புக் காவல். நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களை எந்த நீதிமன்றமும் இன்னும் குற்றவாளி என்று சொல்லவில்லை.

தேர்தல்: கோடு ஆறாம் கட்டத்தில்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 8-வது பிரிவுதான் இங்கே அடிப்படை. எந்தக் குற்றமானாலும் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால், தீர்ப்பு நாளிலிருந்து தகுதியிழப்பு. சிறையிலிருந்து வெளியே வந்த பிறகும் ஆறு ஆண்டுகள் அது தொடரும். ஊழல், போதைப்பொருள், தீண்டாமை போன்ற சில குற்றங்களுக்கு இரண்டு ஆண்டுக் கணக்கே கிடையாது. அபராதம் மட்டும் விதித்தாலும் ஆறு ஆண்டுத் தடை உண்டு.

முன்பெல்லாம் பதவியில் இருக்கும் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால் பதவி தப்பும். லில்லி தாமஸ் வழக்கில் 10-7-2013 அன்று உச்சநீதிமன்றம் அந்தச் சலுகையை ரத்து செய்தது. அதன் விளைவைத் தமிழ்நாடு அடுத்த ஆண்டே பார்த்தது. 27-9-2014 அன்று சொத்துக்குவிப்பு வழக்கில் நான்கு ஆண்டுத் தண்டனை வந்ததும் ஜெயலலிதா முதலமைச்சர் பதவியையும் எம்.எல்.ஏ. பதவியையும் இழந்தார். அதே வழக்கில் நான்கு ஆண்டு சிறையில் இருந்து 2021 ஜனவரியில் வெளியே வந்த சசிகலாவுக்கு ஆறு ஆண்டுக் கணக்கு அந்த மாதத்திலிருந்துதான் ஓடத் தொடங்கியது.

செய்திகளில் பலரைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. ‘தண்டனை நிறுத்திவைப்பு’ வேறு, ‘குற்றவாளி என்ற தீர்ப்பு நிறுத்திவைப்பு’ வேறு. முதலாவது கிடைத்தால் சிறைக்குப் போக வேண்டாம், அவ்வளவுதான். பதவி திரும்பக் கிடைக்காது. இரண்டாவது கிடைத்தால்தான் தகுதியிழப்பு நீங்கும். க. பொன்முடிக்கு 2023 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் மூன்று ஆண்டுத் தண்டனை விதித்தது. 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்திவைத்த பிறகுதான் அவர் மறுபடி அமைச்சராக முடிந்தது. ராகுல் காந்தி விஷயத்தில் இரண்டு ஆண்டு என்ற கோடு எவ்வளவு கூர்மையானது என்று தெரிந்தது. அவதூறு வழக்கில் சூரத் நீதிமன்றம் கொடுத்தது சரியாக இரண்டு ஆண்டு. ஒரு நாள் குறைந்திருந்தாலும் பதவி போயிருக்காது என்று உச்சநீதிமன்றமே 2023 ஆகஸ்டில் குறிப்பிட்டது.

வழக்கு நிலுவையில் இருந்தால்? எந்தத் தடையும் இல்லை. வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-ல் வழக்குகளைச் சொல்ல வேண்டும், பத்திரிகையில் விளம்பரமாகவும் வெளியிட வேண்டும். வெறும் நிலுவை வழக்குக்காகத் தடை போடக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆளுங்கட்சி எதிர்க்கட்சிக்காரர் மேல் நாலு எஃப்.ஐ.ஆர். போட்டு அவரைத் தேர்தலிலிருந்தே வெளியேற்றிவிடலாம் அல்லவா! ஆனால் அதே நியாயம் காவலர் வேலைக்குப் போகும் பையனுக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை என்பதற்கு நல்ல பதில் இல்லை.

வாக்குரிமையில் விநோதம் வேறு மாதிரி. தண்டனை பெற்று வெளியே வந்தவர் வாக்களிக்கலாம். ஜாமீனில் இருப்பவரும் வாக்களிக்கலாம். ஆனால் சிறையிலோ போலீஸ் காவலிலோ இருப்பவர், விசாரணைக் கைதியாக இருந்தாலும், 62-வது பிரிவின்படி வாக்களிக்க முடியாது. 2013-ல் கொண்டுவந்த திருத்தத்தால் அதே விசாரணைக் கைதி தேர்தலில் போட்டியிட முடியும். உள்ளே இருந்தபடி வேட்பாளராகலாம், தனக்குத் தானே ஓட்டுப் போட முடியாது. குண்டர் சட்டத்தில் இருப்பவருக்கோ தபால் வாக்கு உண்டு!

பாஸ்போர்ட்: கோடு நான்காம் கட்டத்தில்

பாஸ்போர்ட் சட்டம் 1967-ன் 6(2) பிரிவில் இரண்டு தடைகள் இருக்கின்றன. ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு ஆண்டுக்குக் குறையாத தண்டனை பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகவில்லை என்றால் மறுக்கலாம். குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தாலும் மறுக்கலாம்.

இந்த இரண்டாவதுதான் நிறையப் பேரை அலையவிடுகிறது. எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால் அது ‘நீதிமன்றத்தில் நிலுவை’ ஆகாது. மாஜிஸ்திரேட் கோப்பில் எடுத்த பிறகுதான் ஆகும் என்று உயர்நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. வெளியுறவு அமைச்சகமும் 2019 அக்டோபர் சுற்றறிக்கையில் இதையே தெளிவுபடுத்தியது. நடைமுறையில் என்ன நடக்கிறது? சரிபார்ப்புக்கு வரும் காவலர் ‘வழக்கு உள்ளது’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார். எந்தக் கட்டம் என்று எழுதுவதில்லை. பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புகிறது. அந்தக் கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டால் கோப்பு மூடப்படும்.

வழக்கு உண்மையிலேயே நீதிமன்றத்தில் இருந்தாலும் வழி இருக்கிறது. 25-8-1993 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் மனு போட்டு வெளிநாடு செல்ல அனுமதி வாங்கினால் பாஸ்போர்ட் கொடுக்க வேண்டும். நீதிமன்றம் காலவரம்பு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் ஓராண்டுக்கு மட்டும் கொடுப்பார்கள். அதனால் மனுவிலேயே “பத்தாண்டுக்கு” என்று கேட்டுவிடுவது வக்கீல்கள் சொல்லும் எளிய உபாயம்.

வழக்கை மறைத்து ‘இல்லை’ என்று டிக் அடிப்பது தனிக் குற்றம். 12-வது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். சாலைமறியல் வழக்குக்கு அவ்வளவு தண்டனைகூட வராது.

அரசு வேலை: கோடு இரண்டாம் கட்டத்திலேயே

அரசுப் பணிக்குத் தேர்வானவர்கள் நிரப்பும் உறுதிமொழிப் படிவத்தைப் பார்த்தால், ஒரு கேள்வி வரிசையாகப் பல கேள்விகளாக உடைந்திருக்கும். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா? வழக்குத் தொடரப்பட்டதா? காவலில் வைக்கப்பட்டீர்களா? பிணைமுறி எழுதி வாங்கப்பட்டதா? நீதிமன்றம் அபராதம் விதித்ததா? தண்டிக்கப்பட்டீர்களா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம், இல்லை. மேலே தடித்த எழுத்தில் எச்சரிக்கை: தவறான தகவல் கொடுத்தால் தகுதியிழப்பு. கடைசிக் கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போடுகிறவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் காவலர் பணிக்கான விதி இதைவிடக் கடுமையானது. சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) விதியும், அதற்கு 2003-ல் சேர்த்த விளக்கங்களும் சொல்வது இது:

1. காவல் சரிபார்ப்புக்கு முன்பு எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது.

2. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரும், விடுவிக்கப்பட்டவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்.

3. சரிபார்ப்பின்போது நிலுவையில் இருந்த வழக்கு பிறகு கௌரவமான விடுதலையில் முடிந்தாலும், அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் வேலை கேட்கலாம்.

இரண்டாவது விளக்கத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். நீதிமன்றம் விட்டுவிட்டது, விதி விடவில்லை. மூன்றாவது இன்னும் மோசம். பொதுப் பிரிவினருக்கு இரண்டாம் நிலைக் காவலர் வயது வரம்பு 26. அடுத்த அறிவிப்பு வந்து சேர்வதற்குள் வயது தாண்டிவிட்டால், கௌரவமான விடுதலை காகிதத்தில்தான் இருக்கும். இந்த விதியை எதிர்த்த வழக்குகளை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு 2008-ல் அது செல்லும் என்று சொல்லிவிட்டது.

அது என்ன ‘கௌரவமான விடுதலை’?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இப்படி ஒரு சொல்லே கிடையாது. அங்கே விடுதலை என்றால் விடுதலை. பணி விதிகளும் துறை நடவடிக்கைகளும் பிறப்பித்த சொல் இது. இதற்கு உச்சநீதிமன்றம் பொருள் சொன்ன முக்கியமான தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கில்தான் வந்தது. தென்காசி பேருந்து நிலையத்தில் கணவரோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்ணைக் கேலி செய்ததாக ஒரு காவலர் மீது வழக்கு. முக்கிய சாட்சிகள் பிறழ்சாட்சியானதால் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆனால் துறை விசாரணையில் குற்றச்சாட்டு நிரூபணமாகிப் பணிநீக்கம் செய்யப்பட்டார். பணிநீக்கம் சரியே என்று 2012 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுத் தரப்புச் சாட்சியங்களை முழுமையாக ஆராய்ந்து, குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவே இல்லை என்ற முடிவுக்கு நீதிமன்றம் வந்திருந்தால்தான் அதைக் கௌரவமான விடுதலை எனலாம் என்றது.

அந்த வழக்கின் உண்மைகளுக்கு அந்தத் தீர்ப்பு நியாயமானதுதான். சீருடைக்காரர், பாதிக்கப்பட்ட பெண், மிரண்டுபோன சாட்சிகள். ஆனால் அதே அளவுகோலை ஊர்ச் சண்டைக்கும் வைக்கும்போதுதான் சிக்கல். கிராமத்தில் அடிதடி வழக்கு எப்படி முடியும்? பெரியவர்கள் கூடிப் பேசி இரண்டு தரப்பையும் சமாதானம் செய்வார்கள். பிறகு கோர்ட்டில் சாட்சிகள் “எனக்கு எதுவும் தெரியாது” என்பார்கள். ‘அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவில்லை, சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து’ என்று தீர்ப்பு எழுதப்படும். இனிப்புக் கொடுத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். நான்கு வருடம் கழித்து அந்த வீட்டுப் பையன் காவலர் தேர்வு எழுதும்போதுதான், அந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன விலை என்று தெரியவரும். சமரசமாக முடித்துக்கொண்ட வழக்கைக் காரணம் காட்டி வேலை மறுத்ததும் சரிதான் என்று டெல்லி காவல்துறை தொடர்பான வழக்கில் 2013-லேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

காவல்துறை தவிர்த்த பிற வேலைகளுக்கும் சேர்த்து இப்போது வழிகாட்டுவது அவதார் சிங் வழக்கில் 21-7-2016 அன்று மூன்று நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பு. அதன் சாரம்:

1. கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். படிவத்தில் குறிப்பாகக் கேட்டதைத்தான் சொல்லக் கடமை. கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் சொல்ல முடியாது.

2. சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்கை மறைத்திருந்தால், நிர்வாகம் தன் விருப்புரிமையில் அதை மன்னிக்கலாம்.

3. பல வழக்குகள் நிலுவையில் இருக்க, வேண்டுமென்றே மறைத்திருந்தால் அதுவே பெரிய காரணம்.

4. வழக்கு இருப்பதே தெரியாதவரை, மறைத்தார் என்று சொல்ல முடியாது.

5. உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முன்நடத்தையைப் பரிசீலிக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு.

ஐந்தாவதைக் கவனித்தால் பலர் ஏன் மறைக்கிறார்கள் என்பது புரியும். சொன்னாலும் போகலாம், சொல்லாவிட்டாலும் போகலாம். இருந்தாலும் கணக்குப் பார்த்தால் சொல்வதே மேல். சொல்லிவிட்டு நிராகரிக்கப்பட்டவர் உயர்நீதிமன்றம் போகும்போது, “வழக்கு அற்பமானது, மனதைச் செலுத்தாமல் நிராகரித்துவிட்டார்கள்” என்று வாதாட இடம் இருக்கிறது. மறைத்தவரிடம் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி வழக்கைப் பற்றியே இருக்காது.

ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு வேறு கணக்கு. தமிழ்நாடு அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே தற்காலிகப் பணிநீக்கம் ஆனதாகக் கருதப்படும். தண்டனை வந்துவிட்டால் அரசியல் சாசனம் 311-ன்படி துறை விசாரணை நடத்தாமலே வேலையை விட்டு அனுப்ப முடியும்.

“ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போப்பா”

குற்றப் பதிவு பற்றிப் பேசும்போது கொலை, கொள்ளை என்றே நினைக்கிறோம். உண்மையில் அதிகம் பேர் சறுக்குவது சிறு வழக்கில். காலையில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனால், பெஞ்ச் உட்காரும் முன்பே வராந்தாவில் ஒரு கூட்டம் நிற்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர், சீட்டாடிப் பிடிபட்டவர், பொது இடத்தில் சத்தம் போட்டவர். கோர்ட் வேலை பார்க்கும் காவலர் ஒவ்வொருவர் காதிலும் ஒரே அறிவுரை சொல்வார்: “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போப்பா.” பெயரைக் கூப்பிடுவார்கள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள், ஆமாம் என்றால் அபராதம். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

முடிவது வழக்கு மட்டும்தான். சட்டப்படி அங்கே நடந்தது, குற்றவாளி என்ற தீர்ப்பு. படிவத்தில் ‘நீதிமன்றம் அபராதம் விதித்ததா’ என்ற கேள்விக்கு அதன் பிறகு பதில் ‘ஆம்’. தானாக ஒப்புக்கொண்டவர் அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டனையின் அளவையோ அதன் சட்டப்பூர்வத்தையோ மட்டுமே கேள்வி கேட்கலாம். போக்குவரத்துப் போலீஸ் ஹெல்மெட்டுக்குப் போடும் ஸ்பாட் ஃபைன் இந்த வகை இல்லை. அது இணக்கக் கட்டணம், அதனால் குற்றப் பதிவு வராது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம்.

ஆபாசமாகப் பேசியதாக இருபது ரூபாய் அபராதம் கட்டிய ஹரியானா ஊழியர் ஒருவர் அதற்காகவே வேலையிழந்தார். 1996-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன உச்சநீதிமன்றம், அத்தோடு நிற்கவில்லை. சுமார் இரண்டாயிரம் ரூபாய் வரையிலான அபராதத் தண்டனையை எந்த நோக்கத்துக்கும் தண்டனையாகவே கருதக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவர வேண்டும் என்றது. அந்தச் சட்டம் வரவில்லை.

சாலைமறியல், ஆர்ப்பாட்ட வழக்குகளில் ஒப்புக்கொள்வதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டக் கணக்கில் 143 (சட்டவிரோதமாகக் கூடுதல்), 341 (வழிமறித்தல்), 188 (அரசு அதிகாரியின் உத்தரவை மீறுதல்) என்று மூன்று பிரிவும் சேர்ந்தே வரும். புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 189(2), 126(2), 223. முதலாவது, 188-க்கு சம்பந்தப்பட்ட அரசு அதிகாரியின் எழுத்துப்பூர்வப் புகார் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியாது. போலீஸ் நேரடியாக அந்தப் பிரிவில் எஃப்.ஐ.ஆர். போடவும் முடியாது என்று கரூர் மாவட்ட வழக்கு ஒன்றில் 2018-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. இரண்டாவது காலவரம்பு. பழைய நடைமுறைச் சட்டப்படி, ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்க வேண்டும். மறியல் வழக்குகள் இந்த வரம்புக்குள்தான் வரும். வருடக்கணக்கில் குற்றப்பத்திரிகை போடாமல் கிடந்த எத்தனையோ வழக்குகள் இந்தக் காரணத்துக்காகவே ரத்தாகியிருக்கின்றன.

தனியார், வங்கி, வெளிநாடு

தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை. பின்புலச் சரிபார்ப்பு நிறுவனம் நீதிமன்ற வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடும், ஏதாவது வந்தால் ஆஃபர் நின்றுவிடும். காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வங்கிகளுக்கு மட்டும் சட்டமே தடை போடுகிறது: ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது வங்கி ஒழுங்குமுறைச் சட்டம். எது ஒழுக்கக்கேடு என்பதற்குச் சட்டத்தில் வரையறை கிடையாது, நீதிமன்றம் வழக்குக்கு வழக்கு முடிவு செய்கிறது. கம்பெனி இயக்குநருக்கு ஆறு மாதத் தண்டனை போதும், ஐந்து ஆண்டுத் தடை.

அமெரிக்க விசா படிவம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை, எப்போதாவது கைதானீர்களா என்றும் கேட்கிறது. வளைகுடா வேலைக்குக் காவல்துறைத் தடையின்மைச் சான்று வேண்டும். இங்கே விடுதலை ஆனதை அங்கே நிரூபிக்க, தீர்ப்பின் சான்றிட்ட நகல் தவிர வேறு ஆயுதம் இல்லை.

தண்டனையே இல்லாமல் வரும் முத்திரை

காவல் நிலையத்தில், போலீஸ் கண்காணிக்கும் ஆட்களைப் பற்றிய சரித்திரப் பதிவேடு (ஹிஸ்டரி ஷீட்) என்று ஒன்று உண்டு. ரவுடிப் பட்டியல் என்று மக்கள் சொல்வது இதன் கிளை. தண்டனை பெறாதவர் பெயரிலும் இதைத் திறக்கலாம். ஆண்டுதோறும் மேலதிகாரி பரிசீலித்துக் காரணத்தோடு நீட்டிக்க வேண்டும் என்பது காவல் நிலை ஆணைகளின் விதி. காரணமே எழுதாமல் வருடாவருடம் நீட்டித்த பதிவேடுகளை உயர்நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் அதற்கு, பெயர் அதில் இருப்பது முதலில் தெரிய வேண்டும்.

ஒரு சமூகத்தையே இப்படிப் பதிவேட்டில் ஏற்றிய வரலாறு நமக்கு அந்நியமல்ல. 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள், ரேகை வைத்தவர் இரவில் எங்கே தூங்குகிறார் என்பதைக்கூடப் போலீஸ் கண்காணித்தது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 3-4-1920 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் நீக்கப்பட்டது. சிறை விதிகளில் அதன் எச்சங்கள் 2024 வரை இருந்தன. அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருந்த சமூகங்களான சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் சிறை விதிகளை உச்சநீதிமன்றம் அந்த ஆண்டு அக்டோபரில்தான் செல்லாது என்றது.

பதிவு என்றைக்காவது அழியுமா?

பிரிட்டனில் 1974 முதலே தனிச் சட்டம் இருக்கிறது, தண்டனைக்குப் பின் குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தால் பழைய பதிவைச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரில் மூன்று மாதத்துக்கு மிகாத சிறை அல்லது இரண்டாயிரம் வெள்ளிக்கு மிகாத அபராதம் என்றால், ஐந்து ஆண்டு மறுகுற்றம் இல்லாமல் கழித்ததும், “பதிவு இல்லை” என்று சட்டப்படியே சொல்லலாம். இந்தியாவில் வயது வந்தவர்களுக்கு இப்படிப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. இருப்பவை ஒட்டுத் துணிகள்தான்:

1. சிறார்கள். சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 24-வது பிரிவுப்படி, 18 வயதுக்குள் நடந்த குற்றத்தால் எந்தத் தகுதியிழப்பும் வராது, பதிவையும் அழிக்க வேண்டும். கொடுங்குற்றத்தில் 16 வயது தாண்டியவரைப் பெரியவராகக் கருதி விசாரித்துத் தண்டித்தால் மட்டும் விதிவிலக்கு. இதைச் சொல்லத் தெரியாமல் வேலையைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

2. நன்னடத்தைச் சட்டம் 1958. தண்டனைக்குப் பதில் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ நீதிமன்றம் அனுப்பிவிட்டால், 12-வது பிரிவு தகுதியிழப்பை நீக்குகிறது. ஆனால் அந்தக் குற்றத்துக்கு அடிப்படையான நடத்தைக்காகத் துறை நடவடிக்கை எடுப்பதை அது தடுக்காது என்று 1990-ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்றத்தில் கேட்க மறந்தால் இந்தச் சலுகை தானாக வராது.

3. உயர்நீதிமன்றத்தில் ரத்து. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-வது பிரிவு. காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் அறிவிப்பு வரும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். சரிபார்ப்பு முடிந்த பிறகு வரும் ரத்து உத்தரவுக்காகத் தனியாக இன்னொரு வழக்கு நடத்த வேண்டியிருக்கும்.

4. கைரேகை, புகைப்படம், கருவிழிப் பதிவு. குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் 2022 இவற்றை 75 ஆண்டு வைத்திருக்க அனுமதிக்கிறது. முன்பு தண்டிக்கப்படாதவர் விடுதலையாகி, மேல்முறையீட்டு வழிகளெல்லாம் முடிந்திருந்தால், நீதிமன்றம் வேறு மாதிரி உத்தரவிடாத வரை இவை அழிக்கப்பட வேண்டும்.

இணையம் தனிப் பிரச்சினை. விடுதலையான ஒருவர், தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கக் கேட்டு சென்னை உயர்நீதிமன்றம் வந்தார். கூகுளில் பெயரைத் தேடினால் குற்றச்சாட்டுதான் முதலில் வருகிறது என்பது அவர் குறை. 2021-ல் தனி நீதிபதி, சட்டம் இல்லாமல் முடியாது என்றார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொன்னது. தீர்ப்புகளை வெளியிடும் தளம் உச்சநீதிமன்றம் போக, அந்த ஆண்டு ஜூலையில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது.

விடுதலையானவர் உடனே செய்யக்கூடியது சின்ன வேலைதான். தீர்ப்பின் சான்றிட்ட நகலை நாலைந்து பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் ஒன்றை எஃப்.ஐ.ஆர். போட்ட நிலையத்தில் மனுவோடு கொடுத்து, வழக்கின் முடிவைக் கணினிப் பதிவில் ஏற்றச் சொல்லி ரசீது வாங்க வேண்டும். வழக்கு முடிந்து ஐந்து வருடம் ஆனவருக்கும் நிலையத்துக் கணினி ‘விசாரணையில் உள்ளது’ என்று காட்டுவது உண்டு. பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் சரிபார்க்க வரும் காவலர் பார்த்து எழுதப்போவது அந்தத் திரையில் இருப்பதைத்தான்.